கீரைக்கு மணிக்கணக்கு, பரங்கிக்கு வாரக்கணக்கு

கேள்வி: எங்களுடையது சின்னப் பண்ணை. வாசலில் மேசை போட்டு, விளைந்ததை நாங்களே விற்கிறோம். இலையுதிர் காலம் தொடங்கியதும் தக்காளி, மக்காச்சோளம், கீரை, பரங்கி, ஆப்பிள், உருளை எல்லாம் ஒன்றாக வந்து குவிகின்றன. மதியத்துக்குள் கீரை துவண்டுவிடுகிறது. மாலையில் மிச்சத்தைப் பாதி விலைக்குத் தள்ளுகிறோம். போன ஆண்டு பரங்கி வாங்கியவர்கள் ருசியே இல்லை என்றார்கள். விற்காமல் எடுத்து வைத்த காய்களோ காம்படியில் அழுகிப்போயின. எதைக் குறைப்பது, விலையையா, கொண்டுவரும் அளவையா? (ஒரு வாசகி)

பதில்: இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான்: கீரையையும் பரங்கியையும் ஒரே நாளில் பறித்து, ஒரே நாளில் விற்கப் பார்க்கிறீர்கள். கீரை மணிக்கணக்கில் கெடுகிற பொருள். பரங்கியோ காத்திருந்தால்தான் பக்குவப்படும்.

பரங்கியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், நஷ்டம் அதில்தான் அதிகம். நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. அதுவே முற்றலுக்கு அடையாளம். பறிக்கும்போது காம்பை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். அந்தக் காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பார்த்தால் கைப்பிடி மாதிரிதான் இருக்கும், எல்லோரும் அதைத்தான் பிடிப்பார்கள். காம்பு ஆட்டம் கண்ட இடத்தில்தான் அழுகல் நுழைகிறது. போன ஆண்டு உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

பறித்த காயை 27 முதல் 29 டிகிரி வெப்பத்தில், காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் வையுங்கள். தோல் இறுகும், கீறல்கள் காய்ந்து மூடும். அதன் பிறகு 10 முதல் 13 டிகிரி உள்ள உலர்ந்த அறைக்கு மாற்றிவிடலாம். பட்டர்நட், கபோச்சா போன்ற வகைகளில் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறும். சில வாரம் கழித்து வெட்டினால்தான் இனிப்பு தெரியும். பறித்த அன்றே விற்ற காய் சப்பென்று இருந்ததில் வியப்பில்லை. ஏகார்ன் என்கிற வரிவரியான சின்ன வகை மட்டும் விதிவிலக்கு. அதை இப்படி வெதுவெதுப்பில் வைக்க வேண்டியதில்லை, சீக்கிரம் விற்றுவிடலாம்.

இப்போது அவசரக்காரர்கள். மக்காச்சோளத்தை அறுத்த நிமிடத்திலிருந்து இனிப்பு குறையத் தொடங்கும். பழைய ரகங்கள் 30 டிகிரி வெயிலில் கிடந்தால், ஒரே நாளில் சர்க்கரையில் பாதியாவது போய்விடும். புதிய இனிப்பு ரகங்கள் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். ஆகவே சோளமும் கீரையும் விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பறித்தவையாக இருக்கட்டும். கீரையை உடனே குளிர்ந்த சுத்தமான நீரில் முக்கி, உதறி, நிழலில் வையுங்கள். மேசைக்கு ஒரு கூடை மட்டும் வரட்டும். மற்றது உள்ளே ஈரத்துணிக்குக் கீழே இருக்கட்டும், தீரத் தீரக் கொண்டு வரலாம். கூடை காலியாகிக்கொண்டே வந்தால் சின்னக் கூடைக்கு மாற்றுங்கள். பெரிய கூடையின் அடியில் நாலு கட்டு கிடந்தால், ஒதுக்கிப்போட்டது என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள்.

தக்காளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முழுக்கப் பழுத்ததை அன்றே விற்றாக வேண்டும். நிறம் திரும்பிய செங்காயாகப் பறித்தால் உங்கள் கையில் சில நாள் கிடைக்கும். அடுக்காமல் ஒரே வரிசையாகப் பரப்பி, 13 முதல் 21 டிகிரிக்குள் வையுங்கள். வெயில் வேண்டியதில்லை, தானே பழுக்கும். குளிர்பெட்டி மட்டும் ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த செங்காய் ஒழுங்காகப் பழுக்காது, மணமும் போய்விடும்.

இடம் குறைவு என்று எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைக்கிறீர்களா? நான் ஒருமுறை அப்படிச் செய்து, ஒரு மூட்டை கேரட்டைக் கசப்பாக்கிக்கொண்டேன். ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அது பட்டுக் கேரட் கசக்கும், கீரையும் வெள்ளரியும் மஞ்சளாகும். ஆப்பிளுக்குத் தனி மூலை ஒதுக்குங்கள், மேசையிலும்தான். உருளையின் மேல் சாக்கு போட்டு மூடுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய கிழங்கை விற்கக் கூடாது, அதில் நச்சு சேரும். வெங்காயம் கழுத்து நன்றாகக் காய்ந்து சுருங்கிய பிறகே மேசைக்கு வரட்டும்.

அந்தப் பாதி விலை விஷயம் எனக்கு உடன்பாடில்லை. தினமும் மாலையில் விலை இறங்கினால், காலையில் வருகிறவரும் மாலைக்குத் தள்ளிப்போடுவார். அதற்குப் பதில், வெடித்த தக்காளியையும் கோணல் கேரட்டையும் காலையிலேயே தனிப் பெட்டியில், ‘சூப்புக்கு’ என்று எழுதிக் குறைந்த விலைக்கு வையுங்கள். மொத்தமாக வேகவைத்துச் சேமிக்கிறவர்கள் இதைத்தான் தேடுவார்கள். அவர்களிடம் முந்தின நாளே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், எவ்வளவு பறிக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கடைசியாக உறைபனி. இன்றிரவு வரும் என்று அறிவித்தால், அன்று கடையைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. தக்காளி, துளசி வகைகள், மிளகாய், பரங்கி எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். கேரட்டையும் கேல் கீரையையும் நிலத்திலேயே விடுங்கள். இலேசான பனியால் அவற்றுக்குக் கேடில்லை, இனிப்புதான் கூடும். காலையில் நிதானமாகப் போய்ப் பறித்துக்கொள்ளலாம்.