பிக்கியின் பெயர்

வணக்கம் சார்,

வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ நாவலைப் படித்து முடித்தேன். ரால்ஃப் என்றால் ஜனநாயகம், ஜாக் என்றால் சர்வாதிகாரம், பிக்கி என்றால் அறிவு என்று கல்லூரியில் நோட்ஸ் கொடுத்தார்கள். படித்தால் அப்படித்தான் இருக்கிறது, எல்லாம் பொம்மைகள். நிஜத்தில் பசிபிக் தீவு நாடான டோங்காவின் சிறுவர்கள் ஆளில்லாத தீவில் ஒற்றுமையாக வாழ்ந்திருக்கிறார்களே, அப்போது தனியே விட்டால் பையன்கள் கொலைவரை போவார்கள் என்று கோல்டிங் சொன்னது பொய்தானே?

க.

அன்புள்ள க.,

நோட்ஸைப் பரணில் போட்டுவிட்டு முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். விமானம் விழுந்த தீவில் இரண்டு பையன்கள் சந்திக்கிறார்கள். குண்டுப் பையன் மற்றவனின் பெயரைக் கேட்கிறான். ரால்ஃப் என்று பதில் வருகிறது. பதிலுக்குத் தன் பெயரையும் கேட்பான் என்று குண்டுப் பையன் காத்திருக்கிறான். ரால்ஃப் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான்: பள்ளியில் கூப்பிட்ட பெயரால் மட்டும் கூப்பிடாதீர்கள். அது என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள மட்டும் ரால்ஃபுக்கு ஆர்வம் வந்துவிடுகிறது. யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சியும் பலனில்லை. அத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் ரால்ஃப் அதைப் போட்டு உடைக்கிறான்: பிக்கி, அதாவது பன்றிக்குட்டி. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இதைச் செய்வது ஜாக் இல்லை, உங்கள் நோட்ஸின் ஜனநாயகம். பொம்மை இப்படி நடந்துகொள்ளாது. பையன்தான் நடந்துகொள்வான். கோல்டிங் சாலிஸ்பரியில் பள்ளி வாத்தியாராக இருந்தவர். பட்டப்பெயர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? என் வகுப்பிலும் சோடாபுட்டி என்று ஒருவன் இருந்தான். மூன்று வருடம் பக்கத்து பெஞ்ச். அவன் சாப்பாட்டு டப்பாவின் நெளிந்த மூடிகூட நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை.

(கண்ணாடி என்றதும் ஒன்று: கதையில் பிக்கியின் கண்ணாடியை வைத்துத்தான் தீ மூட்டுகிறார்கள். ஆனால் பிக்கிக்குக் கிட்டப்பார்வை. அந்தக் குழிவில்லையை வைத்து வெயிலைக் குவித்துத் தீ மூட்டவே முடியாது. கோல்டிங் சறுக்கிய இடம். எனக்கு அது உறுத்தவில்லை.)

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். எல்லோருடைய பெயரையும் எழுதி வைக்க வேண்டும், எத்தனை பேர் என்று எண்ண வேண்டும் என்று அலைகிற ஒரே ஆள் இந்தப் பிக்கிதான். பொடியன்கள் நிற்காமல் ஓடுகிறார்கள், பட்டியல் முடிவதே இல்லை. முதல் நாள் மூட்டிய தீ காட்டுக்குள் பரவுகிறது. முகத்தில் பெரிய மச்சம் உள்ள ஒரு சின்னப் பையன் அதற்குப் பிறகு கண்ணிலேயே படுவதில்லை. அவன் எங்கே என்று பிக்கி கேட்கிறான். ஒருவராலும் பதில் சொல்ல முடிவதில்லை. பெயர் தெரியாததால் கூப்பிட்டுத் தேடவும் வழியில்லை. நாவலின் முதல் சாவு இது. நோட்ஸில் இதைப் பற்றி ஒரு வரி இருந்ததா?

தன் பாடகர் குழுவோடு வந்து சேரும் ஜாக்கும் பெயரைப் பற்றித்தான் பேசுகிறான். ஜாக் என்பது சின்னப் பிள்ளைப் பெயராம், தன்னை மெரிட்யூ என்று கூப்பிட வேண்டுமாம். பிற்பாடு முகத்தில் சாயம் பூசி, தனிக் கூட்டம் சேர்த்து, தீவின் கோட்டைப் பாறை என்ற இடத்தில் உட்கார்ந்ததும் அவன் ‘தலைவர்’. அங்கே கதைசொல்லியே அவனை அப்படித்தான் குறிப்பிடத் தொடங்குகிறார்.

சரி, டோங்கா. 1965இல் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஆறு பையன்கள் அட்டா தீவில் 15 மாதம் இருந்தார்கள். தீயை அணையவிடவில்லை, ஒருவன் கால் முறிந்தபோது கட்டுப்போட்டு, அவன் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். 1966இல் மீட்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் ஒரே பள்ளியில் படித்த சிநேகிதர்கள். அங்கே யாரும் யாருடைய பெயரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இதை வைத்து கோல்டிங்கைப் பொய்யர் என்பதற்கு முன், அவர் தீவில் இறக்கியவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே கூட்டாக வந்து சேர்வது ஜாக்கின் பாடகர் குழு மட்டும்தான்.

கடைசிப் பக்கங்களுக்கு வாருங்கள். கடற்படை அதிகாரி வந்து நிற்கிறார். நீங்கள் எத்தனை பேர் என்பதுகூடத் தெரியாதா என்கிறார். தெரியாது என்கிறான் ரால்ஃப். பெர்சிவல் என்ற பொடியன் முன்னால் வருகிறான். வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி பெயரையும் முகவரியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தவன் அவன். இப்போது ‘நான், நான்’ என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் வரவில்லை. ரால்ஃப் அழுகிறான். பாறையிலிருந்து விழுந்து செத்த நண்பனையும் நினைத்து அழுகிறான். அப்போதும் அந்த நண்பன் பிக்கிதான்.