கேஸ் பக்கத்திலேயே இருக்கிறது, பைப்பில்தான் இடம் இல்லை

கேள்வி: பாஸ்டன் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பென்சில்வேனியாவில் இயற்கை எரிவாயு கொட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் நியூ இங்கிலாந்தில் குளிர்காலத்தில் கேஸும் கரண்டும் இந்த விலை விற்கின்றன? வியாபாரிகள் பதுக்குகிறார்களா?

கடைசி வரியைப் படித்ததும் சுருக்கென்றது. அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஜனவரி பில் வந்திருக்கும், அதைப் பார்த்த வேகத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழைய மர வீடாக இருக்கும். ஜன்னல் ஓரம் கை வைத்தால் சில்லென்று காற்று வரும். தெர்மோஸ்டாட்டை 72 ஃபாரன்ஹீட்டில் வைத்திருப்பீர்கள், கைக்குழந்தை இருந்தால் 74. குற்றம் சொல்லவில்லை, முதல் குளிர்காலத்தில் எல்லோரும் செய்வதுதான்.

நான் பல வருடங்கள் கேஸ் ஷெட்யூலிங் வேலை பார்த்தவள். கம்பெனி வாங்கிய கேஸ் எந்தப் பைப்பில் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று தினமும் பைப்லைன்காரர்களிடம் பதிவு செய்கிற வேலை. நாமினேஷன் என்பார்கள். வியாபாரிகள் யோக்கியர்கள் என்று சான்றிதழ் கொடுக்க வரவில்லை. விலை ஏறும் நாளில் அவர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷத்தை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் பதுக்குவதற்கு முதலில் இடம் வேண்டுமே? நியூ இங்கிலாந்தின் ஆறு மாநிலங்களிலும் நிலத்தடி கேஸ் கிடங்கு ஒன்றுகூடக் கிடையாது, பாறை அமைப்பு அப்படி. பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் தீர்ந்துபோன பழைய வயல்களில் கோடையில் கேஸை உள்ளே இறக்கிவைத்துக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். இங்கே அதற்கு வழியில்லை. சொந்த உற்பத்தியும் இல்லை. அன்றாடம் வருவதை அன்றாடம் எரிக்க வேண்டியதுதான்.

வருகிற வழிகளோ விரல் விட்டு எண்ணிவிடலாம். மேற்கிலிருந்து அல்கான்குவின், டென்னசி என்று இரண்டு பெரிய பைப்லைன்கள். வடக்கே கனடா பக்கமிருந்து இராக்குவா, போர்ட்லண்ட், மாரிடைம்ஸ். இதில் மாரிடைம்ஸ் என்பது நோவா ஸ்கோஷியா கடலடி கேஸை இங்கே கொண்டுவரப் போட்ட பைப். அந்தக் கடலடி வயல்கள் 2018-லேயே மூடப்பட்டுவிட்டன. பைப் இருக்கிறது, அதற்கான ஊற்று போய்விட்டது. இது போக, கப்பலில் வரும் எல்.என்.ஜி., அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு: பாஸ்டனை ஒட்டிய எவரெட்டில் 1971 முதல் இயங்கும் முனையம், கனடாவின் செயின்ட் ஜான் முனையம். அப்புறம் ஊருக்கு ஊர் சின்ன எல்.என்.ஜி. டேங்குகள். கோடையில் லாரி லாரியாக நிரப்பி வைத்து, கடுங்குளிர் நாட்களில் ஆவியாக்கித் தெருப் பைப்பில் விடுவார்கள். இவ்வளவுதான்.

இப்போது யாருக்கு எவ்வளவு என்கிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு கேஸ் கொடுக்கும் விநியோக நிறுவனம் பைப்லைனில் வருடம் முழுவதுக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஜூலையில் அந்த இடம் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தாலும் வாடகை கட்டும். மின் நிலையங்களில் பெரும்பாலானவை அப்படிக் கட்டுவதில்லை. வீடுகள் எடுத்தது போக மிச்சத்தை அன்றன்றைக்கு வாங்கிக்கொள்வார்கள். தீபாவளி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள்: வீடுகள் கன்ஃபர்ம் டிக்கெட், மின் நிலையங்கள் வெயிட்டிங் லிஸ்ட். சாதாரண நாளில் வெயிட்டிங் லிஸ்ட்டுக்கும் சீட் கிடைத்துவிடும். குளிர் இறங்கிவிட்டால் அத்தனை வீட்டு பர்னஸும் ஒரே நேரத்தில் எரியும், வண்டி நிரம்பிவிடும். இந்தப் பகுதியின் மின் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி கேஸில் நடக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், கேஸ் பிரச்சினை எப்படி கரண்ட் பில்லுக்குள் நுழைகிறது என்று புரியும்.

என் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை.

ஜனவரி மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. சந்தைக்கும் லீவு. அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கு நாளுக்கும் சேர்த்து கேஸ் வாங்கிவிட வேண்டும், அதுவும் நாளுக்கு ஒரே அளவு. வெள்ளிக்கிழமை வானிலைக் கணிப்பை வைத்துத் திங்கட்கிழமைக் குளிருக்குப் பந்தயம் கட்டுகிற மாதிரிதான். ஐந்து டிகிரி பிசகினால் போதும், ஊரே அல்லாடும்.

இந்த விடுமுறைதான் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குப் பொங்கல் விழா வாரம். ஒரு வருடம் சனிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட ஹாலில் பிள்ளைகள் கும்மிக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள், நான் கோட் மாட்டுகிற அறையில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் கேஸுக்கான இரண்டாவது பதிவு எங்கள் நேரப்படி இரவு 7 மணிக்கு மூடிவிடும். திரையில் அல்கான்குவின் அறிவிப்பு: கனெக்டிகட்டில் கிராம்வெல் என்ற இடத்தில், கேஸை அழுத்தி முன்னே தள்ளுகிற கம்ப்ரஸர் நிலையத்தைத் தாண்டிப் போக, பிடித்து வைத்த இடத்துக்கு மேல் ஒரு துளிகூட ஏற்க மாட்டோம். பதிவு செய்ததை விடக் கூடுதலாக எடுத்தால் அபராதம், அதுவும் கேஸ் விலையே பரவாயில்லை என்று தோன்றுகிற அபராதம்.

அந்த நேரம் பார்த்து ஒரு மின் நிலையத்தின் எரிபொருள் வாங்கும் மனிதர் போன் செய்தார். மறுநாள் காலை பத்து மணியிலிருந்து நிலையம் ஓட வேண்டும், எவ்வளவு விலையானாலும் சரி, கேஸ் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் கேஸ் இருந்தது. மலிவாகவே இருந்தது. ஆனால் அது கிராம்வெல்லுக்கு மேற்கே இருந்தது, அவர் நிலையம் கிழக்கே. நடுவில் இருக்கிற பைப் நிரம்பி வழிகிறது. எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்த இடத்தைத் தாண்ட வைக்க என்னால் முடியாது, அவராலும் முடியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, ஆயிலில் ஓட்டிக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார். நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அந்த போன் அழைப்புதான்.

வெளியே வந்தால், "என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா ஆபீஸா?" என்று ஒரு குரல். அதே ஹாலில் மூன்று ஆண்கள் லேப்டாப் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பாவம், ஆன்கால் டியூட்டியாம். நான் திறந்தால் வீம்பு. வருடா வருடம் சர்க்கரைப் பொங்கல் பொறுப்பு மட்டும் என் தலையில். ஹால் விதிப்படி உள்ளே நெருப்பு கூடாது, எலெக்ட்ரிக் அடுப்பில்தான் பானை. முக்கால் மணி நேரம் ஆனாலும் பொங்காது, எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" சொல்லத் தயாராக நின்று நின்று ஓய்ந்து போவார்கள். அதற்கும் என்னைத்தான் பார்ப்பார்கள். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும். எழுத வேண்டும் போலிருந்தது, எழுதிவிட்டேன்.

விலைக்கு வருவோம். 2018 ஜனவரி முதல் வாரக் குளிரில், நாட்டின் கேஸ் விலைக்கு அளவுகோலான லூசியானாவின் ஹென்றி ஹப் சந்தையில் ஒரு எம்.எம்.பி.டி.யு. (மொத்தச் சந்தையில் கேஸை அளக்கும் அலகு) ஒற்றை இலக்க டாலரில் விற்ற அதே கேஸ், பாஸ்டன் பக்கச் சந்தையில் 70 டாலரைத் தாண்டியது. அந்த இரண்டு வாரத்தில் இந்தப் பகுதி மின் நிலையங்கள் எரித்த எண்ணெய் சுமார் 20 லட்சம் பீப்பாய். அந்த மாதக் கடைசியில் எவரெட்டுக்கு வந்த ஒரு கப்பலில் ரஷ்யாவின் யமால் கேஸ் கலந்திருந்தது, இங்கிலாந்து வழியாக வந்தது. உலகத்தின் பெரிய கேஸ் உற்பத்தி நாட்டுக்கு ஆர்க்டிக்கிலிருந்து கேஸ்! இதற்குக் காரணம் 1920-ன் ஜோன்ஸ் சட்டம். ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கக் கொடியோடு இருக்க வேண்டும். அந்தத் தகுதியோடு எல்.என்.ஜி. கப்பல் கிடைக்காததால், லூசியானாவில் ஏற்றுவது ஐரோப்பாவுக்குப் போகிறது, பாஸ்டனுக்கு டிரினிடாடிலிருந்து வருகிறது. ஆகவே உக்ரைன் போர் தொடங்கி ஐரோப்பா எல்.என்.ஜி.க்கு அடித்துப் பிடித்தபோது இங்கேயும் வலித்தது. மாசசூசெட்ஸில் ஒரு மின் நிறுவனத்தின் யூனிட் விலை 2021-22 குளிர்காலத்தில் ஏறத்தாழ 15 சென்ட், அடுத்த குளிர்காலத்தில் 34. வழங்கல் பகுதியை மட்டும் சொல்கிறேன், விநியோகக் கட்டணம் தனி.

விலை ஏறுவதாவது பரவாயில்லை, காசு கொடுத்துத் தீர்த்துவிடலாம். அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோட் ஐலண்டின் நியூபோர்ட் பக்கம் 2019 ஜனவரி 21-ஐக் கேட்டுப் பாருங்கள். அதே கிங் விடுமுறைத் திங்கள்தான். பிராவிடன்ஸில் எல்.என்.ஜி. கூடம் நின்றுபோனது, மாசசூசெட்ஸின் வெய்மத்தில் பைப்லைன் மீட்டர் நிலையத்தில் கோளாறு, மேலே கடுங்குளிர். பைப்பின் கடைக்கோடியில் இருக்கும் தீவில் 7,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு ஹீட்டிங் போனது. கரண்ட் மாதிரி ஒரு ஸ்விட்சைத் தட்டித் திருப்பித் தர முடியாது. ஒவ்வொரு வீடாகப் போய் மீட்டரை மூடி, பைப்பில் அழுத்தத்தை ஏற்றி, மறுபடி ஒவ்வொரு வீடாகப் போய் ஏற்றி வைக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. மின் நிலையங்களைக் கழற்றிவிட்டு வீடுகளை முதலில் காப்பாற்றுவது எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள்.

"அப்போ இன்னொரு பைப் போட வேண்டியதுதானே?" போடப் பார்த்தார்கள். பென்சில்வேனியாவிலிருந்து நியூயார்க் வழியாக வரவேண்டிய கான்ஸ்டிட்யூஷன் பைப்லைனுக்கு 2014-ல் மத்திய அனுமதி கிடைத்தது. 2016-ல் நியூயார்க் மாநிலம் நீர்த்தரச் சான்றிதழைக் கொடுக்க மறுத்தது. 2020-ல் கைவிட்டார்கள். 2025-ல் மறுபடி பேச்சு எழுந்தது. இன்னொரு திட்டத்துக்குக் காசை மின் நுகர்வோர் பில்லில் ஏற்றலாம் என்றார்கள். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2016 ஆகஸ்டில் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டது.

நான் பைப்லைன்காரர்களின் ஆள் இல்லை. அதைத் திட்டுகிறவர்களின் ஆளும் இல்லை. இரண்டு பக்கமும் என்னை வசை பாடியிருக்கிறார்கள். வருடத்தில் சில வாரக் குளிருக்காக நாற்பது வருடம் நிற்கிற பைப்பை யார் காசில் போடுவது என்பது நியாயமான கேள்வி, அந்தக் காசில் வீட்டுச் சுவர்களுக்கு இன்சுலேஷன் போடலாம் என்பதும் நியாயம். என்னைக் கேட்டால், பைப் வேண்டாம் என்று முடிவெடுத்தது தப்பில்லை. பைப்பும் வேண்டாம், எல்.என்.ஜி.யும் வேண்டாம், எண்ணெயும் எரிக்காதே என்று சொல்லிவிட்டு, ஜனவரியில் விலை ஏறினால் வியாபாரியைத் திட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் பில்லில் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கேஸ் பில்லில் 'சப்ளை', 'டெலிவரி' என்று இரண்டு பகுதி இருக்கும். சப்ளை என்பது கேஸின் விலை, மேலே சொன்ன பைப்லைன் வாடகையும் அதில்தான். குளிர்காலத்துக்குத் தனி விலை நவம்பரில் மாறும், அதனால் ஒரு நாள் 70 டாலர் ஆனாலும் அது அப்படியே உங்கள் தலையில் விழாது. டெலிவரி உள்ளூர்த் தெருப் பைப்புக்கு. பாஸ்டனில் கசிகிற பழைய இரும்புப் பைப்புகளை மாற்றுகிற செலவு, வீட்டுச் சேமிப்புத் திட்டங்களின் செலவு எல்லாம் அதில் ஏறும். பலர் வீட்டில் இப்போது சப்ளையை விட டெலிவரிதான் பெரிய தொகை, அதற்குக் கேஸ் வியாபாரியை இழுக்க முடியாது. அந்தச் சேமிப்புத் திட்டத்துக்கு நீங்களும் காசு கட்டுகிறீர்கள், ஆகவே கூப்பிட்டு வீட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். வாடகை வீட்டுக்கும் வருவார்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மாதங்களில் கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் கதவைத் தட்டி, உங்கள் கரண்ட் விலையைக் குறைத்துத் தருகிறேன், பில்லைக் காட்டுங்கள் என்பார். தனியார் மின் வழங்குநரின் ஏஜென்ட். இப்படி மாறிய வீடுகள் மொத்தத்தில் நஷ்டம்தான் அடைந்திருக்கின்றன என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமே 2018-ல் அறிக்கை வெளியிட்டது. பில்லில் இருக்கும் அக்கவுன்ட் எண் கிடைத்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. காட்டாதீர்கள்.