வாய்ப்பாடு போட்டியில எப்பவும் அதே நாலு பேரே ஜெயிக்கிறாங்கன்னா

அவுட் ஆக்குற ரூலை முதல்ல எடுத்துடுங்க டீச்சர். தப்பா சொன்னா உட்காரணும்னா, யாருக்கு பயிற்சி தேவையோ அந்தப் பிள்ளைதான் முதல் ரவுண்டுலயே உட்கார்ந்துடுது, மீதி நேரம் வேடிக்கைதான்.

அநேகமா வேகம்தான் காரணம். செக் பண்ண, பேசாம இருக்குற ரெண்டு பேரைத் தனியா கூப்பிட்டு 7 × 8 கேளுங்க, அவசரப்படுத்தாதீங்க. கொஞ்சம் யோசிச்சு 56னு வந்துட்டா தெரியும், பதட்டம்தான். 7, 14, 21னு விரல் விட்டு எண்ணினா இன்னும் மனசுல ஏறல.

நான் 5ஆம் கிளாஸ்ல ரெண்டு ரெண்டு பேரா ஆட வைக்கிற விளையாட்டு இது. 1லேர்ந்து 9 வரைக்கும் எண்களை ரெண்டு ரெண்டா (3 × 3 மாதிரி அதே எண்ணையும் சேர்த்து) பெருக்கினா வர்ற வெவ்வேறு விடைங்க சரியா 36தான், அதை 6க்கு 6 கட்டத்துல எழுதி, கீழ 1 - 9 வரிசை, அதுமேல ரெண்டு பட்டன். ஒரு முறைக்கு ஒரு பட்டனைத்தான் நகர்த்தலாம், ரெண்டு எண்ணையும் பெருக்கி வர்ற கட்டத்துல புளியங்கொட்டை, எதிராளிக்கு சோளம். வரிசையா நாலு வச்சா ஜெயிப்பு. "எனக்கு 42 வேணும், ஒண்ணு 6ல இருக்கு, அப்போ இன்னொண்ணை 7க்கு"ன்னு பிள்ளைங்க முணுமுணுக்கும்போது வகுத்தலும் சேர்ந்தே நடக்குது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது!

ஜோடி சேர்க்கும்போது ஒரே அளவு தெரிஞ்சவங்களைச் சேருங்க.

ஒண்ணு மட்டும், இது தெரிஞ்சதைப் பழக்கத்தான். விரல் விட்டு எண்றவங்களுக்கு வாய்ப்பாட்டை தனியா சொல்லிக் கொடுங்க, அதுவரைக்கும் வாய்ப்பாடு ஷீட்டைப் பார்த்து விளையாடட்டும்.