டி470ஆ, டி480ஆ?

கேள்வி: அண்ணா, கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அம்மா சீட்டு எடுத்துத் தந்த காசில் பாவித்த லப்டொப் ஒன்று வாங்கப்போகிறேன். டவுனில் ஒரே கடையில் லெனோவோ திங்க்பேட் டி470, டி480 இரண்டும் இருக்கின்றன. இரண்டும் ஐ5, 8 ஜிபி ரேம். பார்வைக்கும் ஒன்றுபோலத்தான். டி480க்கு 15,000 ரூபாய் கூடக் கேட்கிறார்கள். அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாமா?
— மாணவி, சாம்பல்தீவு

பதில்: வேண்டாம் தங்கச்சி, டி480ஐயே எடுங்கள். அம்மாவின் சீட்டுக் காசு என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

டி470இல் இருப்பது இன்டெலின் 6ஆம் அல்லது 7ஆம் தலைமுறைச் சிப். அந்த ஐ5க்கு இரண்டே கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் மூளை). டி480இல் வரும் 8ஆம் தலைமுறை ஐ5க்கு நான்கு. அதைவிடப் பெரிய விஷயம், விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு 8ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டால் டி470உம் நன்றாக ஓடும். ஆனால் வளாகத்தில் எந்த விரிவுரையாளர் எந்த மென்பொருளைக் கேட்பார் என்று இப்போதே தெரியாது, அந்த இக்கட்டு உங்களுக்கு எதற்கு? மூடியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், சிஸ்டம் விபரத்தில் சிப்பின் இலக்கம் 8250யூ அல்லது 8350யூ என்று இருக்கிறதா பாருங்கள்.

ஒரு விஷயத்தில் டி470 மேல்தான். அதற்குச் சார்ஜருக்கென்று தனித் துளை உண்டு. டி480 யூஎஸ்பி-சி வழியாகத்தான் சார்ஜ் ஏறும். நிலாவெளி, சல்லிப் பக்கமிருந்து என்னிடம் திருத்த வரும் லப்டொப்களில், உப்புக்காற்றுப் பட்டு இந்தத் துளைகளுக்குள் பச்சை படிந்திருக்கும். உங்கள் ஊரும் கடலோரம்தானே. எனவே இடப்பக்கமுள்ள இரண்டு யூஎஸ்பி-சி துளைகளிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகுங்கள். வயரை லேசாக அசைத்ததும் சார்ஜ் நின்றால் அந்த லப்டொப் வேண்டாம். துளை தாய்ப்பலகையோடு (மதர்போர்ட்) சேர்ந்தது, திருத்தச் செலவு பெரிது.

பற்றரி தேய்ந்திருந்தால் பயப்படாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். இதில் பற்றரி இரண்டு. வெளியே இருப்பதைத் திருகாணி கழற்றாமலே மாற்றலாம். உள்ளே உள்ள சிறியது நல்ல நிலையில் இருந்தால், லப்டொப்பை நிறுத்தாமலே வெளிப் பற்றரியைக் கழற்றலாம். மின்வெட்டு நேரத்தில் அதன் அருமை தெரியும்.

கடைக்காரர்கள் பலர் பார்க்காமல் விடும் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இவை பெரும்பாலும் வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து விட்டவை. ஒன் பண்ணியதும் எஃப்1ஐ அழுத்துங்கள். பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் கேட்டால், கடையில் அது தெரியாவிட்டால், வாங்கவே வேண்டாம். அதை மறந்தால் தாய்ப்பலகையையே மாற்றச் சொல்கிறது லெனோவோ.

திரையின் தெளிவு 1920×1080ஆ என்றும் கேளுங்கள். 1366×768 திரையோடும் டி480 வந்தது, நிரல் எழுத அது போதாது. ரேம் 8 ஜிபி முதல் வருடத்துக்குக் காணும். இரண்டு ரேம் துளை இருப்பதால் காசு சேரும்போது கூட்டலாம். பில்லில் சீரியல் இலக்கத்தையும் உத்தரவாத நாட்களையும் எழுதி வாங்குங்கள்.