டெஸ்ட் எல்லாம் சரி, மீன் மட்டும் ஏன் சாகிறது?

கேள்வி: சென்னையில் இரண்டாவது மாடி வீடு. 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. கோமாளி மீன் ஜோடி ஒன்று ஆறு மாதமாக நன்றாக இருந்தது. போன மாதம் நீல டாம்செல் ஒன்று வாங்கி விட்டேன். பத்தாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. அடுத்த ஒரு வாரத்துக்குள் இரண்டு கோமாளிகளும் போய்விட்டன. கொஞ்ச நாள் விட்டு ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கினேன், அதுவும் ஆறே நாளில் போயிற்று. உடம்பில் காயமோ புள்ளியோ இல்லை. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20, உப்பு (ஒப்படர்த்தி) 1.025. கிளீனர் இறால், நத்தைகள், ஹெர்மிட் நண்டு எல்லாம் நலம். மோட்டாரில் கரன்ட் லீக் ஆகும் என்கிறார் கடைக்காரர். தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். எண்களைவிட எனக்கு அதிகம் உதவியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான்: இறால் நலம்.

தண்ணீரில் நஞ்சு கலந்திருந்தால் முதலில் போவது இறால். காப்பர் துளி அளவு போதும். கொசுவிரட்டி லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே இவற்றில் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் ஆகாது, இறாலுக்கு அறவே ஆகாது. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதால் அந்த அறையில் அவற்றைத் தவிர்ப்பது எப்படியும் நல்லது. உப்பு தடாலென்று ஏறி இறங்கினாலும் நத்தையும் இறாலும் முதலில் சோர்ந்துவிடும். உங்களுடையவை தெம்பாக இருக்கின்றன. நைட்ரேட் 20 காட்டுவதால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் ஒழுங்காக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கரன்ட் லீக் என்பது காரணம் தெரியாதபோது கடைகளில் வழக்கமாகச் சொல்லும் பதில். வீட்டில் இ.எல்.சி.பி. (கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். அது தொட்டியில் கை விடும் உங்கள் உயிருக்காக.

மீனை மட்டும் கொல்லும் காரணங்களில் இரண்டுதான் இங்கே பொருந்தும். ஒன்று, இரவில் ஆக்சிஜன் குறைவது. அதே வெப்பத்தில் நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் சுமார் 20 சதவீதம் குறைவான ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். விளக்கு அணைந்ததும் பாசியும் ஆக்சிஜனை எடுக்கத் தொடங்குவதால் விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். ஆனால் ஆக்சிஜன் மட்டுமே காரணம் என்றால் கரன்ட் போன ஒரு புழுக்கமான இரவில் இரண்டு மூன்று மீன்கள் சேர்ந்து போயிருக்கும், பெரியது முதலில். உங்கள் வீட்டில் புது மீன் வந்த பத்தாம் நாள் தொடங்கி ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. பிறகு வந்த மீன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இது ஒட்டுண்ணியின் போக்கு. என் சந்தேகம் வெல்வெட் என்ற மீன் நோய் மீது.

அதை உண்டாக்குவது அமைலூடினியம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. முதலில் செவுளில்தான் ஒட்டும். தோலில் பொன்னிறத் தூசி படிவது பிறகுதான், பல மீன்கள் அதற்கு முன்பே இறந்துவிடும். ‘உடம்பில் ஒன்றுமே இல்லை’ என்பதற்கு அர்த்தம் அதுவே. தின்று கொழுத்ததும் உதிர்ந்து அடியில் கூடு கட்டும். ஒரு கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை நீந்தி வெளிவரும். 60 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் போக 50 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். அதற்குள் அவை மீனைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. செவுள் பாதி அடைபட்ட மீன் பகலில் எப்படியோ சமாளித்துவிடும். விடியற்காலை ஆக்சிஜன் குறையும்போது அதற்கு முடியாது. காலையில் பிணம் கிடப்பது இதனால்.

நினைவுபடுத்திப் பாருங்கள்: சாவதற்கு ஓரிரு நாள் முன் மீன் சாப்பாட்டை நிறுத்தியதா? நண்பகலிலும் வேகவேகமாக மூச்சு வாங்கியதா? பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்) தண்ணீரைப் பீய்ச்சும் இடத்தில் எதிர்நீச்சல் போட்டு நின்றதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எனக்கு அதிகம் சந்தேகமில்லை. உறுதி வேண்டுமானால், இனி ஒரு மீன் இறக்க நேர்ந்தால், இறந்த சூட்டோடு செவுளில் ஒரு துண்டு வெட்டித் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டோடு பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பழுப்பு நிறத்தில் உருண்டையாகவோ பேரிக்காய் வடிவிலோ கொத்தாகத் தெரியும். நேரம் கழித்துப் பார்த்தால் இருக்காது, உதிர்ந்துவிடும்.

‘கடையில் நன்றாகத்தானே நீந்தியது’ என்பீர்கள். பல கடைகளில் மீன் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றும், அதில் ஒட்டுண்ணிக்கு மருந்தாக லேசாகக் காப்பர் போட்டு வைத்திருப்பார்கள். அந்த அளவு ஒட்டுண்ணியை அடக்கி வைக்கும், ஒழிக்காது. காப்பர் இல்லாத உங்கள் தொட்டிக்கு வந்ததும் அது பெருகத் தொடங்கும்.

இப்போது செய்ய வேண்டியது, தொட்டியைச் சும்மா விடுவது. மீன் இல்லாமல் 76 நாள். வெல்வெட்டுக்கு மட்டும் என்றால் ஆறு வாரம் போதும். நான் நினைப்பது தவறி ஒயிட் ஸ்பாட்டாக (இன்னொரு ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய்) இருந்தாலும் தீரட்டும் என்றுதான் இந்தக் கணக்கு. இறாலும் நத்தையும் உள்ளேயே இருக்கட்டும், அவற்றை இது தொற்றாது. அவற்றுக்குக் கொஞ்சம் தீனி போட்டு, ஆவியாகும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள். உப்பு ஆவியாகாது என்பதால் டாப் அப்புக்கு உப்புத் தண்ணீர் கூடாது. வீட்டு ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருந்தால் வடிகட்டாத தண்ணீரும் கலந்து வரும், டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொட்டியில் காப்பர் ஊற்றிவிடாதீர்கள். இறால் அன்றே போகும், பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உப்பைக் குறைக்கும் வைத்தியம் ஒயிட் ஸ்பாட்டுக்குப் பலிக்கும், வெல்வெட் அதற்கு அசையாது.

அந்த இடைவெளியில் ஒரு குவாரண்டைன் தொட்டி (புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) தயார் செய்யுங்கள். 40 லிட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய ஒரு பி.வி.சி. எல்போ (வளைந்த குழாய்த் துண்டு), மணல் வேண்டாம். பெரிய தொட்டியின் ஸ்பாஞ்ச், வலை, ஈரக்கை எதுவும் அதற்குள் போகக் கூடாது. முடிந்தால் வேறு அறையில் வையுங்கள். புது மீன் 30 நாள் அங்கே இருக்கட்டும். மூச்சு வாங்குவது தெரிந்தால் காப்பர் சிகிச்சை: காப்பர் சல்ஃபேட் வகை என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், தினமும் கிட்டில் அளந்து. கீலேட் வகைக்கு (காப்பர் வேறு சேர்மத்தோடு பிணைந்திருக்கும் மருந்து) அளவு வேறு, லேபிளைப் பாருங்கள். அம்மோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது. அம்மோனியா ஏறினால் அதே அளவு காப்பர் கலந்த புதுத் தண்ணீர் மாற்றுவதே வழி.

கரன்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், பெரிய செலவில்லை. மீன் வாங்கும்போது கடலில் பிடித்ததை விட்டு, பண்ணையில் வளர்ந்த கோமாளி ஜோடியாகக் கேளுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இவற்றைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை எப்போதோ கொண்டுவந்துவிட்டது. கடையில் உங்கள் கண் முன்னே தீனி போடச் சொல்லி, மீன் சாப்பிடுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். 60 லிட்டருக்கு அந்த ஜோடியும் ஒரு சின்னக் கோபி மீனும் போதும். நீல டாம்செல் வளர வளர அடிதடி செய்யும், இந்த அளவுத் தொட்டிக்கு அது ஆகாது.