சைக்கஸ் விதை போடுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உப்புவெளி: வீட்டுச் சைக்கஸில் காய் பழுத்து விழுகிறது அண்ணா. உடனே நடலாமா?

பொறுங்கள் தங்கச்சி. சைக்கஸ் பார்க்கப் பாம் மரம் மாதிரி இருக்கும், ஆனால் பாம் இல்லை. முதலில், பக்கத்தில் எங்காவது ஆண் மரம் கூம்பு விட்டிருந்ததா என்று பாருங்கள். மகரந்தம் சேராவிட்டாலும் காய் பருக்கும், ஆனால் உள்ளே கரு இருக்காது. மகரந்தம் சேர்ந்த காயிலும், அது விழும்போது கரு முற்றியிருக்காது, அதற்கு இன்னும் சில மாதங்கள் வேண்டும். கையுறை போட்டு, காயை ஊற வைத்து, மேல் தோலை முழுக்க உரித்து எடுங்கள், அந்தத் தோல் முளைப்பைத் தடுக்கும். பிறகு நிழலில் காய வைத்து எடுத்து வையுங்கள். நடும்போது ஆற்று மணலும் தும்புச்சோறும் பாதிக்குப் பாதி கலந்து, விதையைப் படுக்க வைத்து, அரைவாசி மேலே தெரியும்படி புதையுங்கள். ஓடு வெடித்து முதலில் வருவது வேர்தான், வெள்ளையாகத் தடித்து நேரே கீழே இறங்கும், ஆகவே உயரமான பை வேண்டும். இலை வந்த பிறகும் விதை ஒட்டிக்கொண்டு நிற்கும். பிய்க்க வேண்டாம், கன்று அதிலிருந்துதான் சாப்பிடுகிறது.

காயைப் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். நஞ்சு.

நிலாவெளி: எங்கள் கிணறு உவர். ஊற்றலாமா?

நாற்றுக்கு வேண்டாம். மாரியில் மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

தம்பலகாமம்: அரேக்கா பாம் விதையும் இப்படித்தானா?

இல்லை தம்பி, அது உண்மையான பாம். பழுத்த விதையைச் சதை நீக்கிக் காயவிடாமல் உடனே போடுங்கள்.

சாம்பல்தீவு: நட்டு இரண்டு மாதம், ஒன்றும் வரவில்லை.

இரண்டு மாதம் போதாது. கிண்டிப் பார்க்க வேண்டாம்.

மூதூர்: நஞ்சு நஞ்சு என்கிறீர்கள், எங்கள் அம்மம்மா இந்தக் கொட்டையை மாவாக்கிப் பிட்டு அவித்தவ. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

அம்மம்மா சும்மா இடித்து அவித்திருக்க மாட்டா. சீவி, வெயிலில் காய வைத்து, நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்திருப்பா. சைக்கசின் என்ற நஞ்சு தண்ணீரில் கரையும், அதனால்தான் அந்த முறை.

கிண்ணியா: அப்படியென்றால் ஊற வைத்தால் சாப்பிடலாம்தானே?

நான் சொல்ல மாட்டேன் நானா. எவ்வளவு கழுவினால் போதும் என்று வீட்டில் அளக்க வழியில்லை. பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில் சைக்கஸ் மாவு தின்ற மக்களிடையே நரம்பு நோய் மிகுதியாகக் காணப்பட்டது, அதற்கு இந்த மாவுதான் காரணமா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். ஈரலையும் தாக்கும் நஞ்சு இது. நாய் ஒரு கொட்டையைக் கடித்தாலே உயிருக்கு ஆபத்து, மாற்று மருந்தும் இல்லை. இலையைத் தின்னும் மாட்டுக்குப் பின்கால்கள் தளர்ந்துபோகும்.

மூதூர்: பஞ்ச காலத்தில் இதுதானே உயிரைக் காத்தது?

காத்தது, மறுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தின்றார்கள். இன்று அரிசி மா இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

உவர்மலை: மூன்று மாதம், முளைக்கவில்லை.

மூன்று மாதமும் போதாது. மேலே சாம்பல்தீவுக்கு எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

ஆலங்கேணி: புதுக் குருத்தை ஏதோ தின்கிறது.

சின்ன நீலப் பட்டாம்பூச்சியின் புழு. குருத்து இளசாக இருக்கும்போது மட்டும்தான் தின்னும், இலை முற்றினால் தொடாது. குருத்து வெளிவந்ததும் தினமும் காலையில் பார்த்துப் புழுவைப் பொறுக்குங்கள், அல்லது மெல்லிய வலைத்துணியால் மூடி, இலை விறைத்த பிறகு எடுங்கள்.