உதிர்ந்த செல்லெல்லாம் முளைக்காது

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. மலக்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்து நான்கு மாதம் ஆகிறது. “கத்தி வைத்தால் பரவிவிடும்” என்று உறவினர்கள் தடுத்தார்கள். நான்தான் வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தேன். அறுக்கும்போது கட்டியிலிருந்து செல்கள் உதிர்ந்து, தையல் போட்ட இடத்திலேயே மறுபடி வளரும் என்று இப்போது படித்தேன். தூக்கமே போய்விட்டது. தவறு செய்துவிட்டேனா டாக்டர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை, சகோதரி. அந்தக் கட்டியை விட்டுவைத்திருந்தால் அது குடலை அடைத்திருக்கலாம், கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போயிருக்கலாம். நீங்கள் வற்புறுத்தியது அம்மாவின் நன்மைக்குத்தான்.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் கத்தி படுவதற்கு முன்பே குடல் கட்டிகள் செல்களைத் தாமாகவே உதிர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. மலத்தில் புற்றுநோயின் மரபணுத் தடயத்தைத் தேடும் பரிசோதனை இருக்கிறதே, அது இந்த உதிர்வை நம்பித்தான். உதிர்ந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒட்ட இடமும் ரத்த ஓட்டமும் கிடைக்காமல் செத்துவிடும். எங்கோ ஒன்றிரண்டு தையலில் ஒட்டி வளரலாம் என்ற கவலை அறுவை மருத்துவர்களுக்கு 1950களிலிருந்தே உண்டு. அதனால் மலக்குடல் ஆபரேஷனில் நான் கட்டிக்குக் கீழே கிளாம்ப் என்ற இடுக்கியைப் போட்டு மூடிவிட்டு, அதற்கும் கீழுள்ள பகுதியை ஆசனவாய் வழியாக மருந்துநீர் விட்டு நன்றாகக் கழுவுவேன். பிறகுதான் ஸ்டேப்ளர் வைத்து வெட்டுவேன். வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றால், வெளியே எடுக்கும் கட்டி வயிற்றுச் சுவரில் உரசாதபடி வெட்டுவாயில் உறை போட்டுத்தான் எடுப்பேன்.

நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம் இந்த உதிர்வு அல்ல. ஆபரேஷனுக்கு முன்பே ரத்தம், நிணநீர் வழியாகப் போய் ஸ்கேனில் தெரியாத அளவில் ஒளிந்திருக்கும் செல்கள் ஒன்று. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பில் தங்கிவிடும் மிச்சம் இன்னொன்று. அந்தக் கொழுப்புறையைக் கிழிக்காமல் முழுதாக எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982-ல் எழுதினார். அந்த முறை பரவிய இடங்களில், நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. உங்கள் உறவினர்கள் பார்த்த ‘கத்தி பட்டுப் பரவியவர்கள்’ பெரும்பாலும் ஏற்கெனவே பரவிய பிறகு மேஜைக்கு வந்தவர்களாக இருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

ஆகவே பயாப்சிப் பிரிவு கொடுத்த இறுதி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்களில், குறிப்பாகச் சுற்று ஓரத்தில் (மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை வெட்டியெடுத்த வெளி ஓரம்), புற்று இருந்ததா? எத்தனை நிணநீர் முடிச்சுகளைப் பரிசோதித்தார்கள்? குறைந்தது 12 முடிச்சுகளையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ரத்தக் குழாய்க்குள் புற்று நுழைந்திருந்ததா? கீமோ தேவையா என்பதை முடிவு செய்யவும் இவைதான் உதவும்.

திரும்புகிற நோய் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் தலைகாட்டிவிடும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. (குடல் புற்று திரும்பினால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சி.டி. ஸ்கேன், ஓராண்டில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பி. இவற்றில் எதையும் தவறவிடாதீர்கள். தையல் பகுதியில் வந்தாலும் கல்லீரலில் ஓரிரு இடத்தில் வந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் மறுபடி அகற்ற வாய்ப்புண்டு. சி.இ.ஏ. ஒருமுறை லேசாக ஏறினால் பதற வேண்டாம். புகைபிடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஏறும். மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.